மாற்று விமானமும் அடைக்கலப் பொருளும்
(இல்லறத்தார்க்கு ஒரு நடைமுறைப் பாடம்)



இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் இரண்டாவது வாய்மை. அவ்விரதத்திற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்தென உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்தார். அவற்றுள் ஒன்று நியாசாபஹாரம். அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல் என்பது இதன் பொருள். இது களவின்பாற் பட்டதாயிற்றே, வாய்மையின் குற்றமாக ஏன் கூறப்பட்டது என்னும் ஐயம் எழலாம். பூஜ்யபாத ஆசாரியரின் சர்வார்த்தசித்தி உரை அதனைத் தெளிவாக்குகிறது. ஒருவர் பொன்னை ஓரிடத்தில் வைத்துச் செல்கிறார். திரும்பி வருங்கால் தொகையை மறந்து குறைத்துக் கேட்கிறார். பொருளை வைத்திருப்பவர், "ஆம், அவ்வளவே" என்று கொடுத்தனுப்புகிறார். அவர் கைநீட்டித் திருடவில்லை; கேட்டதைக் கொடுத்தார். ஆயினும் பிறர் அறியாமையைத் தமக்கு ஊதியமாக்கிக் கொண்டார். அதனால் அது வாய்மையின் வழு ஆயிற்று.

நூற்றாண்டுகட்கு முன் கூறப்பட்ட இந்நுட்பம் இன்றைய வாணிகத்தில் எங்கெல்லாம் பொருந்துகிறது என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமை. அவ்வாறு பொருந்தும் இடங்களுள் ஒன்றை இப்பாடத்தில் காண்போம். ஒரு நிறுவனத்தின் விமானத்திற்குச் சீட்டு வாங்கியவரை, அந்நிறுவனம் தான் ஏற்றிச் செல்லாமல் வேறொரு நிறுவனத்தின் விமானத்திற்கு மாற்றி அனுப்பும்போது, பயணியின் உரிமை யாது, அவர் கடமை யாது என்பதே பொருள்.

இப்பொருளை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் கன்னிவாடியிலிருந்து குடும்பத்தோடு சம்மேத சிகர யாத்திரைக்குப் புறப்பட்டோம். இருபது தீர்த்தங்கரர்கள் முக்தி எய்திய அம்மலையை வாழ்நாளில் ஒருமுறையேனும் தரிசிக்க வேண்டும் என்பது எழுபது வயது கடந்த என் அன்னையாரின் நெடுநாள் விருப்பம். மதுரையிலிருந்து சென்னை வழியாக ராஞ்சிக்கு ஒரே சீட்டாகப் பதிவு செய்திருந்தோம். ஜைன உணவுக்கும் முன்கூட்டியே எழுதியிருந்தோம். சென்னையில் இறங்கியதும் இரண்டாம் விமானம் ரத்தாயிற்று என்றனர். மூன்று மணி நேரம் கழித்து, வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், கல்கத்தா வழியாகச் செல்ல இடம் கொடுத்தனர். "வேறு நிறுவனத்திலேயே இடம் வாங்கிக் கொடுத்துவிட்டோமே, இதுவே பெரிது" என்றார் முகப்பில் இருந்தவர். நாங்களும் நன்றி கூறி ஏறினோம்.

புதிய விமானத்தில் எங்கள் உணவுக் குறிப்பு இல்லை. கிழக்கு நோக்கிச் செல்லச் செல்லச் சூரியன் விரைவில் மறையும் என்பதையும் நாங்கள் எண்ணவில்லை. குளிர்காலத்தில் நம் மதுரையில் ஆறு மணியளவில் மறையும் கதிரவன் ராஞ்சியில் ஐந்து மணியளவிலேயே மறைந்துவிடுகிறான். இரவு உண்ணாமை விரதம் பூண்ட அன்னையார் காலையில் அருந்திய கஞ்சியோடு மறுநாள் விடியும்வரை இருந்தார். பூஜை வஸ்திரங்கள் இருந்த பெட்டி மூன்றாம் நாளில்தான் வந்து சேர்ந்தது. "எல்லாம் வினைப்பயன்" என்று அன்னையார் அமைதி கொண்டார். அவர் பொறுமை போற்றத்தக்கது. ஆனால் உடன் சென்ற எங்கள் அறியாமையும் அந்த வினையில் ஒரு பங்கு என்பதைப் பின்னர் விதிகளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1. சீட்டு என்பது வாக்குறுதி

கன்னிவாடிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே செல்லும் அரசுப் பேருந்து வழியில் பழுதாகி நின்றால் என்ன நிகழ்கிறது? நடத்துநர் பின்வரும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, நம் கையிலுள்ள சீட்டோடே அதில் ஏற்றிவிடுகிறார். யாரும் அதனைச் சலுகை என்று கருதுவதில்லை. திண்டுக்கல் வரை கொண்டுசேர்ப்பதாகப் பணம் வாங்கினார்கள், கொண்டுசேர்க்கிறார்கள். வண்டி மாறிற்று, வாக்கு மாறவில்லை.

விமானச் சீட்டும் இத்தகையதே. பேருந்தில் ஏறிய பின் பணம் தருகிறோம். விமானத்திற்கோ மாதக்கணக்கில் முன்னதாகவே தருகிறோம். அதுவரை அப்பணம் நிறுவனத்திடம் அடைக்கலப் பொருள் போல இருக்கிறது. மாற்று விமானத்தில் இடம் தருவது அந்த அடைக்கலத்தைத் திருப்பும் ஒரு வழியே. இதனை மனத்தில் இருத்திக் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

நம் திண்டுக்கல் வட்டாரத்திலேயே இதற்கு ஒரு பழஞ்சான்று உண்டு. பழனியை அடுத்த ஐவர்மலையில் சக ஆண்டு 792-இல், அஃதாவது கி.பி. 870-இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் அங்குள்ள பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியரையும் புதுப்பித்து, வழிபாட்டுப் படையலும் ஓர் அடிகளுக்கு உணவும் தடையின்றி நடைபெற 505 காணம் பொன் வைத்ததை அது கூறுகிறது. பொன்னை ஏற்றவர் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார் என்பதும், அக்கடமை இடையில் முட்டுப்படலாகாது என்பதும் அந்நாளைய நம் முன்னோரின் கருத்து. கடமையைக் கல்லில் எழுதி வைத்தது, பின்வருவோர் அறியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே அன்றோ!

2. மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது?

விமான நிறுவனங்கள் பல தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு ஒன்றன் சீட்டை மற்றொன்று ஏற்கின்றன. தாள் சீட்டுக் காலத்தில் முகப்பில் இருப்பவர் சீட்டின்மேல் ஒப்புதல் குறிப்பு எழுதி முத்திரையிட, பயணி அதனை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுவனத்தின் முகப்பிற்குச் செல்வார். 2008 ஜூன் முதல் உலகெங்கும் மின்னணுச் சீட்டே வழக்காயிற்று. இப்போது அந்த ஒப்புதல் கணினிக்குள் நிகழ்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே இரண்டு செய்திகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது: பதிவு வேறு, சீட்டு வேறு. பதிவு எண் ஆறு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. இடம் ஒதுக்கப்பட்டதை அது குறிக்கும். சீட்டு எண் பதின்மூன்று இலக்கம் கொண்டது. பணம் செலுத்தப்பட்டதை அது குறிக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனம் சீட்டை வழங்கியது என்பதைக் காட்டும். புதிய விமானத்தில் இடம் ஒதுக்கிவிட்டுச் சீட்டை மாற்றி வழங்காமல் விட்டால், அடுத்த முகப்பில் "பெயர் இருக்கிறது, சீட்டு இல்லை" என்பார்கள். எனவே முதல் நிறுவனத்தின் முகப்பை விட்டு நகருமுன் புதிய சீட்டு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். சில குறைந்த கட்டண நிறுவனங்கள் சீட்டுக்குத் தனி எண் வழங்காமல் பதிவு எண்ணையே பயன்படுத்துகின்றன. அங்கே புதிய பதிவு உறுதியானதற்கான செய்தியைக் கேட்டுப் பெறுக.

இரண்டாவது: குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றுக்கு இத்தகைய உடன்படிக்கை இல்லை. அவை தம் அடுத்த விமானத்தையோ பணத்தையோதான் முதலில் முன்வைக்கும். சீட்டு வாங்கும்போதே இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. முகூர்த்தம், கேவலஞான கலியாண விழா, மகாமஸ்தகாபிஷேகம் போன்று நாள் தவறக் கூடாத பயணங்களுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுப் புறப்படுதலே அறிவுடைமை.

3. இந்திய விதி கூறுவது

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010 ஆகஸ்டில் பயணிகளுக்கான விதிகளை வெளியிட்டது. 2016-இலும் 2019-இலும் 2023-இலும் அவை திருத்தப்பட்டன. அவற்றின் சாரம் வருமாறு.

(அ) விமானம் ரத்தாகும்போது: இரண்டு வாரங்களுக்கு முன்னரே அறிவித்துவிட்டால், பயணி ஏற்கும் மாற்று விமானம் அல்லது பணம். இரண்டு வாரத்திற்குக் குறைவாகவும் 24 மணி நேரத்திற்கு முன்னும் அறிவித்தாலும் அவ்வாறே. இக்கால எல்லைக்குள் அறிவிக்கவில்லையெனில், பயணி ஏற்கும் மாற்று விமானத்தைத் தர வேண்டும். அன்றேல் முழுப் பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும். ஒரே சீட்டில் பதிவான இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்க்கும் இது பொருந்தும். இழப்பீட்டின் அளவு, பயண நேரம் 1 மணி வரையாயின் 5,000 ரூபாய். 1 மணிக்கு மேல் 2 மணி வரையாயின் 7,500 ரூபாய். அதற்கு மேலாயின் 10,000 ரூபாய். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதனினும் குறைவாயின் அக்குறைந்த தொகையே கிடைக்கும்.

(ஆ) இடம் உறுதியாகியும் ஏற்ற மறுக்கும்போது: இருக்கைகளுக்கு மேல் சீட்டு விற்றதனால் இது நேர்கிறது. முதலில் தாமே விட்டுக்கொடுப்பவர் உண்டா என நிறுவனம் கேட்க வேண்டும். விருப்பமின்றி நிறுத்தப்பட்டவரை 1 மணி நேரத்திற்குள் புறப்படும் மாற்று விமானத்தில் அனுப்பினால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்திற்குள் ஆயின், மேற்சொன்ன கட்டணத்தைப்போல் இரு மடங்கு, 10,000 ரூபாய்க்கு மேற்படாமல். அதற்கும் பிந்தினால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய்க்கு மேற்படாமல். மாற்று விமானமே வேண்டாம் என்பவர்க்குச் சீட்டின் முழுப் பணமும், அதனோடு அந்த நான்கு மடங்கும் உரியன.

(இ) தாமதமாகும்போது: இரண்டரை மணி நேரம் வரையான பயணத்தில் 2 மணி நேரம் தாமதமானாலே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்திற்கு மேல் தாமதமாகுமெனில், 6 மணி நேரத்திற்குள் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். 24 மணி நேரத்தைக் கடந்தாலும், இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டியது 6 மணி நேரத்திற்கு மேல் தாமதமானாலும், தங்கும் விடுதியும் அங்குச் சென்றுவரும் வசதியும் உண்டு.

(ஈ) வாங்கிய வகுப்பினும் தாழ்ந்த வகுப்பில் அமர்த்தினால்: 2023-ஆம் ஆண்டுத் திருத்தப்படி உள்நாட்டில் சீட்டுத் தொகையில் 75 விழுக்காடு திருப்பப்பட வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்திற்கேற்ப 30, 50, 75 விழுக்காடு.

புயல், வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், அரசு ஆணை முதலிய நிறுவனத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணங்கள் இருப்பின் இழப்பீடு இல்லை. ஆனால் இழப்பீடு இல்லை என்பதனால் உதவியும் இல்லை என்பதன்று. டெல்லி மூடுபனியால் ஹைதராபாத் விமானம் ஒன்று தாமதமான வழக்கில் 2011 ஜூலை 4 அன்று உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. பனிக்காக நிறுவனம் பொறுப்பாகாது. ஆயினும் காத்திருக்கும் பயணிக்குரிய அடிப்படை வசதிகளைச் செய்துதரும் கடமை குறைந்த கட்டண நிறுவனத்திற்கும் உண்டு என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

இங்கு ஒரு சிறு குறிப்பு. தொடர்பு எண் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் அவ்விதி கூறுகிறது. முகவர் தம் எண்ணையே எழுதிவிடுவது வழக்கம். நம் எண்ணை எழுதச் சொல்லுதல் வேண்டும்.

4. இரண்டில் எதனைத் தேர்வது?

விதி நமக்கு அளிக்கும் அரிய சொல் "பயணி ஏற்கும்" என்பது. நிறுவனம் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆயினும் தேர்வில் கவனம் தேவை. ரத்தான விமானத்திற்குப் பதிலாக மாற்று விமானத்தை ஏற்றுக்கொண்டால், விதி கூறும் ரத்து இழப்பீடு பின்னர்க் கிடைப்பதில்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டால், கொண்டுசேர்க்கும் கடமை அத்தோடு முடிகிறது. அதன்பின் நாமே வாங்கும் சீட்டு எத்துணை விலையேறினாலும் அவ்வுயர்வு பெரும்பாலும் நம் தலைமேல்தான்.

2025 டிசம்பரில் நாடு இதனைக் கண்கூடாகக் கண்டது. விமானிகளின் பணி நேரம் குறித்த புதிய விதிகளுக்கேற்ப முன்னேற்பாடு போதாமல் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை நின்றன. பணத்தைப் பெற்றுக்கொண்டு பிற நிறுவனங்களில் சீட்டுத் தேடியவர்கள் பன்மடங்கு விலையைக் கண்டு திகைத்தனர். டிசம்பர் 6 அன்று மத்திய அரசு கட்டண உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000 என்பது அவ்வரம்பு. நிலுவையிலுள்ள பணம் அனைத்தையும் மறுநாள் இரவு 8 மணிக்குள் திருப்பித் தரவும் ஆணையிட்டது. அரசு தலையிடும்வரை அல்லற்பட்டவர் எத்தனையோ பேர்.

ஆகவே, அவசரப் பயணமாயின் பணத்தை வாங்குமுன், "எங்களைக் கொண்டுசேர்க்கும் மாற்று வழி யாது? உங்கள் விமானத்தில் இன்று இடமில்லையெனில் வேறு நிறுவனத்தில் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்டல் வேண்டும். மாற்று விமானம் எந்த நிறுவனத்தினதாக இருக்க வேண்டும் என்பதை இந்திய விதி விரித்துரைக்கவில்லை. பிற நாடுகள் இதில் ஒரு படி முன்னே சென்றுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் நடைமுறையிலுள்ள 261/2004 எண் விதி, இயன்றவரை விரைவாக ஒத்த வசதியோடு வேறு வழியில் கொண்டுசேர்க்கக் கட்டளையிடுகிறது. தூரத்திற்கேற்ப 250, 400, 600 யூரோ இழப்பீடும் வகுக்கிறது. பிற நிறுவனங்களில் இடம் உண்டா என்று பாராமல் தன் மறுநாள் விமானத்தில் அனுப்பிவிட்டு, "இயன்றதெல்லாம் செய்தோம்" என்று நிறுவனம் சொல்ல முடியாது என 2020 ஜூன் 11 அன்று ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனடாவில் 2019 விதிகளின்படி, தன் பொறுப்பில் நேர்ந்த தடையாயின், ஒன்பது மணி நேரத்திற்குள் தன்னால் கொண்டுசெல்ல இயலாத பெரிய நிறுவனம் போட்டி நிறுவனத்திலும் இடம் வாங்கித்தர வேண்டும். அந்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

நிறுவனமே நின்றுவிட்டால் நிலைமை வேறு. 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத் தொடக்கத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தின. அத்தகைய வேளையில் சீட்டுக்குக் கொடுத்த பணம் கடன்காரர் வரிசையில் நிற்க நேரிடும். கடன் அட்டையில் செலுத்தியவர் உடனே வங்கிக்கு எழுதித் தொகையைத் திரும்பக் கோருதல் வேண்டும்.

5. இருவருள் பொறுப்பாளி யார்?

"அந்த நிறுவனத்தைக் கேளுங்கள்" என்று இவரும், "சீட்டு வழங்கியவரைக் கேளுங்கள்" என்று அவரும் கைகாட்டுவது இயல்பு. வெளிநாட்டுப் பயணத்தைப் பொறுத்தவரை 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கை இதற்கு விடை தருகிறது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு விமானவழிச் சுமப்புச் சட்டத்தின் வாயிலாக அது இங்கே செயற்படுகிறது. ஒப்பந்தம் செய்தவர் ஒருவர், அவர் ஒப்புதலோடு ஏற்றிச் சென்றவர் வேறொருவர் எனில், ஏற்றிச் சென்ற பகுதிக்கு இருவருமே பொறுப்பு. ஒருவரிடம் கொடுத்த எழுத்துமுறையீடு மற்றவரிடம் கொடுத்ததற்கு ஒப்பாகும். வழக்கினை இருவருள் எவர்மீதும், இருவர்மீதும் தொடரலாம்.

பெட்டி சேதமுற்றால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிடல் வேண்டும். வழக்குத் தொடர இரண்டாண்டு எல்லை. பெட்டிக்கான உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள். ரூபாயில் ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டது. உள்நாட்டில் 2019-ஆம் ஆண்டுப் பயணியர் சாசனம் கூறும் வரம்பு 20,000 ரூபாய்.

நடைமுறையில் செய்ய வேண்டுவது எளிது. மாற்றம் நேர்ந்தவுடன் பழைய பெட்டிச் சீட்டு புதிய விமானத்திற்கு மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். சேருமிடத்தில் பெட்டி வராவிடில், இறுதியாக ஏற்றிவந்த நிறுவனத்தின் பெட்டிப் பிரிவில் முறையீட்டுப் படிவம் பெற்ற பின்னரே நிலையத்தை விட்டு வெளியேற வேண்டும். பழைய சீட்டு, புதிய சீட்டு, ஏறும் அட்டை, பெட்டிச் சீட்டு ஆகிய நான்கையும் பாதுகாக்க வேண்டும். திரும்பும் பயணமும் அதே சீட்டில் இருப்பின், "முதற்பகுதியில் பயணி வரவில்லை" என்று கணினி தவறாகக் கொண்டு திரும்பும் பகுதியை நீக்கிவிடக் கூடும். அது நிலைத்திருக்கிறதா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்க.

6. நம் விரதங்களுக்குரிய எச்சரிக்கை

ஜைன உணவுக்கென விமான நிறுவனங்களிடையே தனிக் குறியீடு உண்டு. கிழங்கு, வெங்காயம், பூண்டு முதலியன நீக்கிய உணவு அது. பொதுவாக ஒரு நாளைக்கு முன்னரே கேட்க வேண்டும். நிறுவனம் மாறும்போது இக்குறிப்பு தானே உடன்செல்லும் என்று நம்பலாகாது. கடைசி நேர மாற்றத்தில் அவ்வுணவை ஏற்ற நேரமும் இராது. ஆகவே:

(1) மாற்று விமானத்தை ஏற்குமுன் அது சேரும் நேரத்தையும், சேரும் ஊரின் சூரிய மறைவு நேரத்தையும் ஒப்பிடுக. இரண்டு மாற்று வழிகள் இருப்பின் முன்னதாகச் சேர்வதையோ மறுநாள் காலை புறப்படுவதையோ கேட்கலாம். "பயணி ஏற்கும்" என்னும் சொல்லின் பயன் இதுவே.

(2) காத்திருக்கும்போது நிறுவனம் தரும் உணவு சூரிய மறைவுக்கு முன்னரே வேண்டும் என்றும், பழமோ வேறு உகந்ததோ வேண்டும் என்றும் அமைதியாகக் காரணத்தோடு கூறுக. காரணம் அறிந்தால் உதவுவோர் பலர்.

(3) அவல், பொரி, வெல்லம், உலர்ந்த பழம் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்தே புறப்படுக. அனுப்பும் பெட்டியில் வைத்தால் வேண்டும்போது கிடைக்காது. பூஜை வஸ்திரம் ஒன்றும், முதியோரின் மருந்தும் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும்.

இம்மூன்றையும் நாங்கள் அறிந்திருந்தால் அன்னையார் அன்று பசித்திருக்க வேண்டியதில்லை.

7. உரியது மறுக்கப்பட்டால்

முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு நாள், விமான எண், நிகழ்ந்தது, வேண்டுவது ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதுக. முகவர் வழி வாங்கிய சீட்டாயினும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தினதே. பயனில்லையெனில் மத்திய அரசு 2016-இல் தொடங்கிய ஏர் சேவா தளத்திலும், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது நம்மைப் போன்ற சிற்றூராருக்கு ஒரு பெரும் நன்மை செய்தது. முறையிடுபவர் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் கன்னிவாடியில் குடியிருப்பவர் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். வந்தவாசியில் இருப்பவர் திருவண்ணாமலையை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் முறையீட்டுக் கட்டணம் இல்லை. வழக்குரைஞர் இன்றித் தாமே நின்று கூறவும் இயலும். எல்லை இரண்டாண்டு.

8. கேட்பவர்க்கும் உண்டு விரதம்

இனி நம் பக்கம். அதிசாரங்கள் நிறுவனத்திற்கு மட்டும் கூறப்பட்டவை அல்ல. இல்லாத பொருளைப் பெட்டியில் இருந்ததாக எழுதுதல், வாராத நோயைக் கூறுதல், நூறு ரூபாய் உணவுக்கு ஆயிரத்திற்குச் சீட்டுப் பெறுதல் ஆகியன பொய்க் கையெழுத்து என்னும் கூடலேக அதிசாரத்தின்பாற் படும். நாம் இழந்ததற்கு மேல் ஒரு காசும் கேட்கலாகாது. முகப்பில் நிற்கும் இளம் ஊழியர் விமானத்தை நிறுத்தியவர் அல்லர். அவர்மேல் சினம் கொள்ளுதல் இம்சையே ஆகும். சினமின்றிக் கேட்பது, எழுத்தில் கேட்பது, உரியதை மட்டும் கேட்பது ஆகிய மூன்றும் சிராவகர்க்கு அழகு.

"விட்டுவிடுவோம், நமக்கேன்" என்பது நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் சொல். க்ஷமை என்பது நம் உள்ளத்துக் கோபத்தை அடக்குதல். பிறர் வாக்குத் தவறுவதற்குத் துணைபோதல் க்ஷமை ஆகாது. அடைக்கலம் வைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்டால், வைத்திருப்பவர்க்குக் குற்றம் செய்ய வழி திறந்துவிடுகிறது. சரியான தொகையை நினைவிற் கொண்டு கேட்பவர் தமக்குரியதைப் பெறுவதோடு, எதிரிலிருப்பவரையும் வாய்மையில் நிறுத்துகிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும், எழுத்தறியா முதியவர்க்கும் அதனால் வழி பிறக்கிறது.

அடுத்த முறை முகப்பில் ஒருவர், "வேறு நிறுவனத்திலேயே இடம் கொடுத்துவிட்டோமே" என்றால், நன்றி கூறுவோம், கூறிவிட்டு, "புதிய சீட்டு எண் யாது? பெட்டி எங்கே? சூரியன் மறையுமுன் உணவு உண்டா?" என்றும் கேட்போம்.

பயிற்சி வினாக்கள் (குடும்பத்தோடு கலந்துரையாட)

1. நியாசாபஹாரம் களவின் அதிசாரமாகாமல் வாய்மையின் அதிசாரமானது ஏன்?
2. பதிவு எண்ணுக்கும் சீட்டு எண்ணுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மாற்று விமானம், பணம் ஆகிய இரண்டில் ஒன்றை ஏற்பதால் எந்தெந்த உரிமைகள் முடிகின்றன?
4. வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி தாமதமானால் எத்தனை நாட்களுக்குள், எவரிடம் முறையிடலாம்?
5. க்ஷமைக்கும் அசட்டைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அனுபவத்தில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

அறம் வளர்க!